ரோபோ வண்டி ஓட மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

வீட்டில் ரோபோ செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டுவது இரண்டு சக்கர வண்டி. மூளையாக இயங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டு, அதன் கட்டளைப்படி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கியர் வைத்த இரண்டு டிடி மோட்டார்கள், ஒரு காஸ்டர் சக்கரம், தொடராக இணைத்த இரண்டு 18650 லித்தியம்-அயன் பேட்டரிகள். அதற்கு மேல் தேவைக்கேற்ப, தூரம் அளக்கும் ஹெச்.சி-எஸ்.ஆர்04 மீயொலி சென்சார், கோடு பார்க்கும் அகச்சிவப்பு சென்சார்கள், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் எஸ்.ஜி90 சர்வோ மோட்டார், ஹெச்.சி-05 புளூடூத். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிட்டாகக் கிடைப்பது ஏறக்குறைய இதுதான். கீழே வருவதெல்லாம் இந்த வண்டியை மனதில் வைத்து எழுதியது.

வண்டி ஓடவில்லை என்றதும் பலர் புரோகிராமைத் திறந்து மாற்றத் தொடங்குகிறார்கள். அது தலைகீழான வரிசை. நேற்று ஓடிய புரோகிராம் இன்று தானாக மாறாது. பேட்டரியும் இணைப்பும் மாறும். அதனால் முதலில் மின்சாரம், அடுத்து இணைப்பு, அதன் பிறகு சக்கரமும் கியரும், கடைசியில்தான் புரோகிராம். இந்த வரிசைப்படியே போனால் பாதிப் பழுதுகள் மடிக்கணினியைத் திறக்காமலே தீர்ந்துவிடும்.

## எதையும் கழற்றும் முன் அளக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டியின் அடியில் ஒரு புத்தகத்தை வைத்துச் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி தூக்கி வையுங்கள்.

முதல் அளவு, டிரைவர் போர்டில் பேட்டரி நுழையும் இரண்டு திருகுகளுக்கு இடையே. மோட்டார் நிற்கும்போது ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு மோட்டாரையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, சக்கரங்களைக் கையால் ஓரிரு வினாடி அழுத்திப் பிடித்தபடி இன்னொரு முறை அளக்க வேண்டும். அருகில் ஒருவர் இருந்தால் எளிது. முழுதாகச் சார்ஜ் ஆன இரண்டு 18650 சேர்ந்து 8.4 வோல்ட் தரும். சுமை ஏறும்போது அரை வோல்ட், முக்கால் வோல்ட் குறைவது இயல்பு. 6.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அங்கேயே நில்லுங்கள். மற்ற அறிகுறிகள் எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும். நிற்கும்போது மட்டும் அளந்து "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டுவது பயனற்றது. தேய்ந்துபோன பேட்டரியும் சுமையில்லாமல் நல்ல வோல்ட்டேஜ் காட்டும்.

இரண்டாவது, ஊனோவின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்க இணைப்பு) இடையே. 4.8 முதல் 5.2 வரை இருக்கலாம், மோட்டார் ஓடும்போதும்.

மூன்றாவது அளவுக்குச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் 'பீப்' நிலையில் வைத்து, பேட்டரியின் மைனஸ், டிரைவரின் கிரவுண்ட், ஊனோவின் கிரவுண்ட், சென்சார்களின் கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் இடையே சத்தம் வருகிறதா என்று பாருங்கள். மோட்டாருக்கு ஒரு பேட்டரி, ஊனோவுக்கு யுஎஸ்பி என்று தனித்தனியே கொடுப்பவர்கள் அதிகம் மறப்பது இந்தப் பொது கிரவுண்டைத்தான். அது இல்லாவிட்டால் ஊனோ அனுப்பும் 5 வோல்ட்டை டிரைவர் எதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்? சிக்னல் சில நேரம் புரியும், சில நேரம் புரியாது.

## சுவிட்ச் போட்டும் ஒரு விளக்கும் எரியவில்லை

பேட்டரி ஹோல்டரில் செல்கள் திசைமாறி இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒன்று திரும்பியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மொத்தம் பூஜ்யத்தை ஒட்டி வரும். அடுத்து, தட்டையான தலை கொண்ட 18650-ஐ எதிர்பார்க்காத ஹோல்டர்களில் பிளஸ் முனை தகட்டைத் தொடாமல் நிற்கும். பார்வைக்குத் தெரியாது, மீட்டர் காட்டிவிடும்.

பேட்டரியில் வோல்ட்டேஜ் இருந்து டிரைவரில் இல்லையென்றால் சுவிட்ச் அல்லது பச்சை, நீலத் திருகு இணைப்பு. ஒயரின் பிளாஸ்டிக் உறையின்மேலேயே திருகு இறுகியிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 6 மி.மீ. உறையை உரித்து, இழைகளை முறுக்கி, லேசாக ஈயம் பூசி உள்ளே விட்டு இறுக்கி, பிறகு ஒயரை இழுத்துப் பாருங்கள்.

பிளஸும் மைனஸும் மாறி இணைந்திருந்தால் உடனே கழற்றுங்கள். எல்298என் போர்டின் பேட்டரி நுழைவில் தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் இருப்பதில்லை.

## விளக்கு எரிகிறது, மோட்டார் அசையவே இல்லை

மோட்டாரைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் தொடக்கம். அதன் இரண்டு ஒயரையும் டிரைவரிலிருந்து எடுத்து, இரண்டு ஏஏ பேட்டரிகளில், அதாவது 3 வோல்ட்டில், நேரடியாகத் தொடுங்கள். சுற்றினால் மோட்டார் நலம். சுற்றவில்லையென்றால் மோட்டாரின் பின்புறத்து செப்புத் தகடுகளைப் பாருங்கள். அவை மெல்லியவை, ஒயர் இழுபட்டால் அடியோடு ஒடிந்துவிடும். ஒயரைச் சால்டர் செய்த கையோடு அதை மோட்டார் உடலோடு ஒரு கேபிள் டையால் கட்டிவிட்டால் இந்தப் பழுது திரும்ப வராது.

மோட்டார் நலம் என்றால், வண்டியை 'முன்னே போ' கட்டளையில் வைத்து டிரைவரின் வெளியீட்டுத் திருகுகள் இரண்டுக்கும் இடையே அளங்கள். வோல்ட்டேஜ் வரவில்லையென்றால் உள்ளீட்டுப் பக்கம் போக வேண்டும். திசையைத் தீர்மானிக்கும் ஐஎன்1, ஐஎன்2 பின்கள் இரண்டில் ஒன்று 5 வோல்ட்டும் மற்றது 0 வோல்ட்டுமாக இருந்தால்தான் மோட்டார் சுற்றும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது பிரேக். ஒவ்வொரு பக்க மோட்டாரையும் இயங்க அனுமதிக்கும் இஎன்ஏ, இஎன்பி பின்களில் 5 வோல்ட் வேண்டும். அதற்கான சிறு தொப்பி ஜம்பரை எடுத்துவிட்டு ஒயரும் கொடுக்காமல் விட்டால் அந்தப் பக்க மோட்டாருக்கு வேலையே இல்லை.

எல்298என் போர்டில் இன்னொரு ஜம்பர் உண்டு. 12 வோல்ட் திருகுக்குப் பின்னால் இருக்கும் அது போர்டிலுள்ள 5 வோல்ட் ரெகுலேட்டரை இயக்குவது. 12 வோல்ட் வரை பேட்டரி கொடுக்கும்போது அது இருக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் டிரைவரின் தர்க்கப் பகுதிக்கு நீங்களே வெளியிலிருந்து 5 வோல்ட் தர வேண்டியிருக்கும். தராவிட்டால் போர்டு உயிரற்றுக் கிடக்கும். டிபி6612 டிரைவர் வைத்திருப்பவர்கள் 'ஸ்டேண்ட்பை' பின்னை 5 வோல்ட்டோடு இணைத்தார்களா என்று பார்க்க வேண்டும். அது தொங்கலில் இருந்தால் மோட்டார் ஓடாது.

புரோகிராமில் பார்க்க ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மோட்டார் பின்னுக்கும் 'பின்மோட்' வரியில் 'அவுட்புட்' என்று குறித்திருக்கிறதா? விட்டுப்போனால் அந்தப் பின் வலுவில்லாத உள் ரெசிஸ்டர் வழியாக மட்டுமே மேலே இழுக்கப்படும். மோட்டார் சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது.

மோட்டார் 'ம்ம்' என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் அது வேறு கதை. புரோகிராமில் கொடுக்கும் வேக எண் (0 முதல் 255 வரை) மிகக் குறைவு. 255-க்கு 60, 70 என்று கொடுத்தால் டிடி மோட்டாரால் தன் கியர் உராய்வையே வெல்ல முடியாது; வண்டியின் எடையோடு நகர 90 அல்லது 100-ஆவது வேண்டும். மெதுவாக ஓட வேண்டுமென்றால் முதல் 40 மில்லிவினாடிக்கு 200 கொடுத்துக் கிளப்பிவிட்டுப் பிறகு 80-க்கு இறக்குங்கள். எண் சரியாக இருந்தும் முனகினால் மோட்டாரைச் சேஸிஸோடு பிடிக்கும் நீளமான இரண்டு திருகுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். அவற்றை அதிகமாக இறுக்கினால் பிளாஸ்டிக் கியர்ப் பெட்டி நசுங்கி, உள்ளே பற்கள் பிடித்துக்கொள்ளும்.

## மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ஊனோ புதிதாகத் தொடங்குகிறது

வண்டி ஒரு அடி நகர்ந்து நிற்கும், மறுபடி ஒரு அடி, மறுபடி நிற்கும். புளூடூத் அறுந்துபோகும். வீட்டு ரோபோக்களில் இதைவிட அதிகமாக ஆளைச் சுற்றவைக்கும் அறிகுறி வேறில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி: புரோகிராமின் 'செட்அப்' பகுதியில், 13-ஆம் பின்னில் இருக்கும் போர்டு விளக்கு மூன்று முறை வேகமாக மின்னும்படி எழுதுங்கள். வண்டி ஓடும் நடுவே அந்த மூன்று மின்னல் வந்தால் ஊனோ ரீசெட் ஆகிறது. மின்னல் வராமல் வண்டி உறைந்து நின்றால் புரோகிராம் எங்கோ காத்துக்கிடக்கிறது. அதைக் கீழே 'தூரம் 0 என்றோ தாறுமாறாகவோ வருகிறது' என்ற பகுதியில் பாருங்கள்.

ஏன் ரீசெட்? டிடி மோட்டார் சுமையின்றிச் சுற்றும்போது சுமார் 150 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில், பிடித்து நிறுத்தப்பட்ட மோட்டார் எடுக்கும் அளவு கரண்டை எடுக்கும்: 6 வோல்ட்டில் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர் வரை. இரண்டு சேர்ந்தால் 3 ஆம்பியர். முன்னோக்கி ஓடும் வண்டியை இடைவெளி இல்லாமல் பின்னோக்கித் திருப்பினால் இன்னும் மோசம். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் உண்டாக்கும் வோல்ட்டேஜும் பேட்டரியோடு சேர்ந்துகொள்வதால் கரண்ட் அதன் இருமடங்கை நெருங்கும்.

இந்த வேளையில் பேட்டரியின் வோல்ட்டேஜ் இறங்குகிறது. ஊனோவின் 5 வோல்ட்டும் கூடவே இறங்குகிறது. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன்னை ரீசெட் செய்துகொள்ளும். ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது நம்பகமாக ஓட ஏறத்தாழ 3.8 வோல்ட் வேண்டும். இடைப்பட்ட பகுதியில் ரீசெட்டும் ஆகாது, சரியாகவும் ஓடாது. "காரணமே இல்லாமல் கிறுக்குத்தனமாக நடக்கிறது" என்று சொல்லப்படும் பல வண்டிகள் இந்தப் பகுதியில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரிசெய்யும் வரிசை:

1. சதுரமான 9 வோல்ட் பேட்டரி இருந்தால் தூக்கி எறியுங்கள். அது புகை உணரிக்கும் மல்டிமீட்டருக்கும் செய்யப்பட்டது. புதிய அல்கலைன் வகையிலேயே உள்தடை 1 முதல் 2 ஓம். 1 ஆம்பியர் இழுத்தால் உள்ளேயே 1 முதல் 2 வோல்ட் கரைந்துவிடும். மலிவான துத்தநாக-கார்பன் வகை இதைவிட மோசம். கிட்டோடு கொடுத்தார்கள் என்பதற்காக அதை நம்ப வேண்டாம்.

2. வழியில் எங்கே வோல்ட்டேஜ் தொலைகிறது என்று தேடுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி செல்லின் பிளஸ் முனையிலேயே வைத்து, மறு முனையை டிரைவரின் பிளஸ் திருகில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் ஏதோ கெட்டிருக்கிறது: ஹோல்டர் ஸ்பிரிங், சின்னச் சறுக்குச் சுவிட்ச், அல்லது தலைமுடி போன்ற ஒயர். மைனஸ் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். 3 ஆம்பியர் தாங்கும் ராக்கர் சுவிட்சும் தடித்த ஒயரும் போட்டால் போதும். பிரெட்போர்டு வழியாகவும் மெல்லிய ஜம்பர் ஒயர் வழியாகவும் மோட்டார் கரண்டை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அவை சிக்னலுக்கு மட்டும்.

3. டிரைவரின் பேட்டரி நுழைவில், திருகுகளுக்கு மிக அருகே, 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றை இணையுங்கள். உடலில் வெள்ளைப் பட்டை இருக்கும் கால் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

4. ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு தகடுகளுக்கும் குறுக்கே '104' என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்யுங்கள். பிரஷ்களில் எழும் தீப்பொறி இரைச்சலை அது அங்கேயே விழுங்கிவிடும். மோட்டார் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, சென்சார் ஒயர்களிலிருந்து விலக்கி ஓட்டுங்கள்.

5. ஊனோவுக்கான மின்சாரத்தை டிரைவரின் 5 வோல்ட் திருகிலிருந்து எடுக்காமல், பேட்டரியிலிருந்து நேராக ஊனோவின் 'விஐஎன்' பின்னுக்குக் கொடுங்கள். டிரைவரில் உள்ள ரெகுலேட்டருக்கு 5 வோல்ட் தர உள்ளே 7 வோல்ட்டாவது வேண்டும். ஊனோவின் சொந்த ரெகுலேட்டர் அதைவிடக் கொஞ்சம் கீழேயும் தாக்குப்பிடிக்கும்.

6. கடைசியில் புரோகிராம். வேகத்தை ஒரே அடியாக 255-க்குத் தள்ளாமல் 20 மில்லிவினாடிக்கு ஒரு படியாகப் பத்துப் படிகளில் ஏற்றுங்கள். முன், பின் மாற்றத்துக்கு நடுவே 150 மில்லிவினாடி நிறுத்தம் வையுங்கள்.

## ஓடுகிறது, ஆனால் வலுவே இல்லை

இங்கே குற்றவாளி பெரும்பாலும் எல்298என் தான். அது பழைய இருமுனை டிரான்சிஸ்டர் வகைச் சிப். கரண்ட் தன் வழியே போகும்போது சுமார் 2 வோல்ட்டைத் தானே தின்று சூடாக்கிவிடும். 7.4 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்கு 5.4 கிடைக்கும், பரவாயில்லை. நான்கு ரீசார்ஜ் ஏஏ செல்கள், மொத்தம் 4.8 வோல்ட், என்றால் மோட்டாருக்கு 3 வோல்ட்டை ஒட்டித்தான் போய்ச் சேரும். கம்பளத்தில் ஏறாது, வாசற்படியில் திணறும்.

பேட்டரியைக் கூட்ட முடியாவிட்டால் டிரைவரை மாற்றுங்கள். டிபி6612, டிஆர்வி8833 இரண்டும் மாஸ்ஃபெட் வகை; இழப்பு அரை வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். டிபி6612 ஒரு மோட்டாருக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர் தரும். டிடி மோட்டாருக்கு அது தாராளம். புதிதாக வாங்குபவர்கள் எல்298என் பக்கமே போகத் தேவையில்லை. அது அளவில் பெரியது, சூடாவது, வீணடிப்பது. கிட்டில் வந்துவிட்டது என்றால் 7.4 வோல்ட் கொடுத்து ஓட்டுங்கள்.

## நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது

நின்ற இடத்திலேயே சுழன்றால் ஒரு மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது; அதன் இரண்டு ஒயரையும் டிரைவரில் இடம் மாற்றுங்கள், முடிந்தது.

மெல்ல வளைந்து போனால், இடது வலது மோட்டார்களின் ஒயர்களை டிரைவரில் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். மெதுவான சக்கரம் மறுபக்கத்துக்கு மாறினால் குறை டிரைவரில் அல்லது புரோகிராமில். அதே சக்கரமே மெதுவாக இருந்தால் குறை அந்த மோட்டாரில் அல்லது சக்கரத்தில். அப்போது சக்கரம் சேஸிஸை உரசுகிறதா, அச்சில் தளர்ந்து வழுக்குகிறதா, காஸ்டர் உருளையில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ் தரையின் தூசி ரப்பரில் ஒட்டினால் ஒரு சக்கரம் வழுக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே சரியாகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் அது மோட்டார்களின் இயல்பு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிடி மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வேகமானதன் எண்ணை 5, 5-ஆகக் குறைத்து இரண்டு மீட்டர் நேர்கோட்டில் சோதியுங்கள். ஆனால் பேட்டரி இறங்க இறங்க இந்தத் திருத்தம் பிசகும். நிலையான தீர்வு, சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ண அச்சில் மாட்டும் 20 துளை என்கோடர் தட்டும் அதைப் படிக்கும் சென்சாரும்தான். 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 204 மி.மீ.; ஒரு துளைக்கு வண்டி 10 மி.மீ. நகரும். இரண்டு பக்கமும் எண்ணி, முந்தும் பக்கத்தைத் தணித்தால் நேர்கோடு கிடைக்கும்.

## வேக எண்ணை மாற்றியும் வேகம் மாறவில்லை

இஎன்ஏ, இஎன்பி ஜம்பர்கள் இன்னும் போர்டிலேயே இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, ஜம்பர் இருந்த இரண்டு பின்களில் சிக்னலுக்குரியதில் மட்டும் ஒயரைக் கொடுங்கள். ஊனோவில், வேக எண்ணை அனுப்பும் 'அனலாக்ரைட்' கட்டளை வேலை செய்வது 3, 5, 6, 9, 10, 11 ஆகிய பின்களில் மட்டும். சர்வோ லைப்ரரியைச் சேர்த்த மறுகணம் 9, 10 இரண்டும் இந்த வேலையை இழந்துவிடும், சர்வோவை அவற்றில் மாட்டாவிட்டாலும்கூட. ஒலி எழுப்பும் 'டோன்' கட்டளையைப் பயன்படுத்தினால் 3, 11 பாதிக்கப்படும். ஆகவே மோட்டார் வேகத்துக்கு எப்போதும் 5, 6.

## சர்வோ நடுங்குகிறது

எஸ்.ஜி90 சிறியதுதான், ஆனால் சிக்கிக்கொண்டால் 650 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும். ஊனோவின் 5 வோல்ட் பின் இதற்கானது அல்ல. வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 போன்ற பக் கன்வெர்ட்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்குத் திருப்பி வைத்து, அதிலிருந்து சர்வோவுக்குக் கொடுங்கள்; கன்வெர்ட்டரை இணைக்கும் முன் மீட்டர் வைத்து 5.0 என்று உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் கடையிலிருந்து வரும்போது அது எந்த எண்ணிலும் இருக்கலாம். பழுப்பு ஒயர் கிரவுண்ட், சிவப்பு பிளஸ், ஆரஞ்சு சிக்னல். பழுப்பு, ஊனோவின் கிரவுண்டோடும் சேர வேண்டும்.

மின்சாரம் சரியாக இருந்தும் நடுங்கினால், புளூடூத்தை வேறு பின்களில் இணைக்க உதவும் சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரியைச் சந்தேகியுங்கள். அது ஒவ்வொரு எழுத்தை வாங்கும்போதும் மற்ற குறுக்கீடுகளை நிறுத்தி வைப்பதால் சர்வோ துடிப்பின் அகலம் பிசகுகிறது. 0, 180 ஆகிய முனைகளில் மட்டும் உறுமினால் 10 முதல் 170 வரை என்று வரம்பிட்டுவிடுங்கள்.

## தூரம் 0 என்றோ தாறுமாறாகவோ வருகிறது

ஹெச்.சி-எஸ்.ஆர்04 அனுப்பிய ஒலி காத்திருப்பு நேரத்துக்குள் திரும்பாவிட்டால், எதிரொலி நேரத்தை அளக்கும் 'பல்ஸ்இன்' கட்டளை தரும் விடை 0. அது 'தூரம் 0' அல்ல, 'எதிரொலி இல்லை'. "20-க்குக் குறைந்தால் நில்" என்று மட்டும் எழுதியிருந்தால் வெட்டவெளியில் வண்டி நின்றுவிடும். 0 வந்தால் 'பாதை காலி' என்று கொள்ளும்படி தனி வரி எழுதுங்கள்.

பல்ஸ்இன் இயல்பாக ஒரு வினாடி வரை காத்திருக்கும். அரை வேகத்தில் டிடி வண்டி வினாடிக்கு 30 செ.மீ.க்கு மேல் போகும்; எக்கோ ஒயர் கழன்றிருந்தால் அத்தனை தூரமும் வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடும். பல்ஸ்இன் வரியில் மூன்றாவது எண்ணாக 12000 மைக்ரோவினாடியைக் கொடுங்கள். இரண்டு மீட்டருக்கு அது போதும், ஏனென்றால் ஒரு செ.மீ.க்கு, போய்வர, 58 மைக்ரோவினாடி. இரண்டு அளவுகளுக்கு இடையே 60 மில்லிவினாடி விடுங்கள். அதற்குள் அளந்தால் பழைய எதிரொலி புதியதாகப் பதிவாகும்.

தாறுமாறான எண்களுக்கு மூன்று முறை அளந்து நடு மதிப்பை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு பொய் எண் சராசரியையே இழுத்துவிடும். திரைச்சீலை, சோபா, சாய்வான சுவர், நாற்காலிக் கால் ஆகியவை இந்தச் சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். அதன் பார்வை சுமார் 15 டிகிரிதான். சென்சார் கீழே குனிந்திருந்தால் தரையையே அளக்கும். 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் கூடி மீட்டருக்கு இரண்டு மூன்று செ.மீ. பிசகும்; வீட்டு வண்டிக்கு அது பொருட்டல்ல.

## கோட்டைவிட்டு ஓடிவிடுகிறது

சென்சாரின் உயரத்திலிருந்து தொடங்குங்கள். டிசிஆர்டி5000 அகச்சிவப்பு சென்சார் தரையிலிருந்து 2.5 மி.மீ.யில் மிக நன்றாகப் பார்க்கும், 5 மி.மீ. வரை வைக்கலாம். கிட்டில் தரும் தாங்கிகள் பல நேரம் இதைவிட உயரத்தில் நிறுத்திவிடும். வாஷர் போட்டு இறக்குங்கள். பிறகு, ஓட்டப்போகும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், நீலப் பெட்டித் திருகைத் திருப்பி வெள்ளையில் விளக்கு எரியவும் கறுப்பில் அணையவும் செய்யுங்கள். இரவில் டியூப் லைட்டில் சரிசெய்த வண்டி, பகலில் ஜன்னல் வெயில் விழும் தரையில் தடுமாறும், ஏனென்றால் வெயிலில் அகச்சிவப்பு நிறைய. சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் அட்டையால் ஒரு சிறு பாவாடை கட்டினால் பெருமளவு தீரும்.

தரையும் முக்கியம். மொசைக் தரையின் புள்ளிகளைச் சென்சார் கோடாக எண்ணும். வெள்ளைச் சார்ட் ஒட்டி, 19 மி.மீ. கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் பாதை போடுங்கள். கறுப்பு மார்க்கரால் வரைந்தால், நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில மைகள் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும். சென்சாருக்கு அது வெறும் வெள்ளைத் தாள். போட்டிகளில் வரும் ஃப்ளெக்ஸ் பாதைகள் பளபளப்பதால் அங்கே ஒருமுறை திருகைத் திருப்பியே ஆக வேண்டும்.

இரண்டு சென்சார் வண்டியில் டேப் நடுவில் இருக்க, சென்சார்கள் அதன் இருபுறமும், ஒன்றுக்கொன்று 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் இருக்கட்டும், சக்கர அச்சுக்கு நன்றாக முன்னால்.

இவ்வளவுக்குப் பிறகும் வளைவில் தவறினால் புரோகிராமின் வேகத்தைப் பாருங்கள். 'டிலே' வரிகளை எடுத்துவிடுங்கள். பிழை தேட எழுதிய 'சீரியல் பிரிண்ட்' வரிகளையும் எடுத்துவிடுங்கள்: 9600 பாடில் (வினாடிக்கு 9600 பிட் வேகத்தில்) ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிவினாடி ஆகும், எழுத்துகள் காத்திருக்கும் இடையகம் நிரம்பியதும் புரோகிராம் காத்து நிற்கும். 20 எழுத்து அச்சிடும் நேரத்தில், வினாடிக்கு 40 செ.மீ. வேக வண்டி 8 மி.மீ. போய்விடும், அது டேப் அகலத்தில் ஏறத்தாழப் பாதி. கோட்டிலிருந்து விலகும் அளவைக் கணக்கிட்டுத் திருப்பும் பிஐடி முறையை எழுதியவர்கள், அதன் மூன்று எண்களான கேபி, கேஐ, கேடியில் முதலில் கேபி மட்டும் வைத்து வண்டி ஆடத் தொடங்கும் வரை கூட்டி, அதிலிருந்து கொஞ்சம் குறைத்து, பிறகு கேடியைக் கூட்டி ஆட்டத்தை அடக்குங்கள். கேஐ பூஜ்யமாகவே இருக்கலாம்.

## புளூடூத் இணையவில்லை, இணைந்தாலும் கேட்கவில்லை

ஹெச்.சி-05 ஆண்ட்ராய்டுக்கு மட்டும், ஐபோனில் இணையாது. கடவு எண் 1234 அல்லது 0000. இணைத்தல் செல்பேசியின் அமைப்புகளில் முடிந்த பிறகு செயலிக்குள் மறுபடி இணைக்க வேண்டும். புதிய ஆண்ட்ராய்டில் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி கொடுக்காவிட்டால் பட்டியலே வராது. விளக்கு வேகமாகத் துடித்தால் இன்னும் இணையவில்லை. இரட்டைத் துடிப்பும் நீண்ட இடைவெளியுமாக மாறினால் இணைந்துவிட்டது.

இணைந்தும் வண்டி அசையாவிட்டால்: அனுப்பும் பின்னான டிஎக்ஸ், எதிர்ப்பக்கத்தில் வாங்கும் பின்னான ஆர்எக்ஸுக்குப் போகிறதா? வேகம் 9600-ஆ? செயலி '1' என்று எழுத்தாக அனுப்ப, புரோகிராம் 1 என்ற எண்ணோடு ஒப்பிடுகிறதா? எழுத்து '1' வந்து சேர்வது 49 ஆக. மாட்யூலின் ஆர்எக்ஸ் 3.3 வோல்ட்டுக்கானது, 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்களால் ஊனோவின் 5 வோல்ட்டைப் பிரித்துக் கொடுங்கள்.

## புரோகிராம் ஏறவில்லை

'நாட் இன் சிங்க்' என்று வந்தால் 0, 1 பின்களில் மாட்டிய புளூடூத் ஒயர்களைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். போர்ட் பட்டியலில் எதுவும் தெரியாவிட்டால் கேபிள் சார்ஜ் செய்ய மட்டும் ஆனதாக இருக்கலாம், இல்லையென்றால் போர்டின் யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் மென்பொருள் கணினியில் இல்லை. நானோ நகல் போர்டுகளுக்கு ஆர்டுயினோ மென்பொருளின் 'பிராசசர்' பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஏற்றும்போது மோட்டார் திடீரென்று துள்ளலாம். சக்கரத்தைத் தூக்கி வைத்தே ஏற்றுங்கள்.

## சூடு, வாசனை, உப்பல்

எல்298என் சூடாவது இயல்பு. விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் ஏதோ ஒரு சக்கரம் சிக்கியிருக்கிறது. ஊனோவின் ரெகுலேட்டர் சுட்டால் சர்வோவோ வேறு எதுவோ அதிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கிறது.

பேட்டரி சுட்டால் ஓட்டுவதை நிறுத்தி, செல்களை வெளியே எடுத்து, எரியாத தரையில் வையுங்கள். உறை கிழிந்த செல்லைப் பயன்படுத்தவே கூடாது: பிளஸ் முனையைத் தவிர அதன் உடல் முழுவதும் மைனஸ். '9900' என்று அச்சிட்ட 18650 எல்லாம் பொய். நல்ல நிறுவனங்களின் செல்கள் பெரும்பாலும் 2000 முதல் 3500 மில்லிஆம்பியர் மணி வரைதான். தொடராக உள்ள இரண்டு செல்களை 12 வோல்ட் அடாப்டரால் நேராகச் சார்ஜ் செய்யாதீர்கள். கழற்றி, ஒவ்வொன்றாக, ஒற்றைச் செல்லைச் சார்ஜ் செய்யும் டிபி4056 போர்டில், அல்லது 18650-க்கான சார்ஜரில் போடுங்கள்.

செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடத் தொடங்கும், ஹோல்டருக்கு அது தெரியாது. 10 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் பேட்டரிக்குக் குறுக்கே போட்டு, நடுமுனையை ஏ0 பின்னுக்குக் கொடுங்கள், 8.4 வோல்ட் அங்கே 4.2 ஆகத் தெரியும். மோட்டாரை நிறுத்திவிட்டு அரை வினாடி கழித்து அளந்து, மொத்தம் 6.4-க்குக் கீழே வந்தால் வண்டியை நிறுத்தி 13-ஆம் பின் விளக்கை விடாமல் மினுக்கும்படி எழுதுங்கள். அந்த விளக்கு மினுக்கினால் சுவிட்சை அணைத்துச் செல்களைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் மோட்டார் நின்றாலும் ஊனோ பேட்டரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.